கீழிருந்து பார்க்காத மச்சு

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது, எந்தப் பாலிஷ் நிற்கும் அண்ணே என்பதுதான். தண்ணீர் பட்டால் வெளுக்காதது எது, நாற்காலி இழுத்தால் கீறல் விழாதது எது, ஒரு கை அடித்தாலே பளபளப்பது எது. இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் நிதானமாகப் பேசுவான் என்று நம்பி வந்த சிலர், கொடுத்த காபியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். போகட்டும். பாலிஷைப் பற்றி டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது டப்பாவில் எழுதாத விஷயம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மரத்தளமா என்று வெளியூர்க்காரன் சிரிப்பான். பெரம்பலூரில் கட்டுகிற வீட்டுக்கு டைல்ஸ், அரியலூரில் கட்டுகிற வீட்டுக்கு அதைவிடப் பெரிய டைல்ஸ். ஆனால் பழைய பண்ணை வீடுகளில் மச்சு இருக்கிறது. கீழே அறைகள், அவற்றின் மேல் குறுக்கே தேக்கு உத்திரங்கள், உத்திரங்களின் மேல் பலகை அடித்த மாடிக் கூடம். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் சம்பாதித்து அனுப்ப, இப்போது அந்த வீடுகளையெல்லாம் புதுப்பிக்கிறார்கள். சுவருக்கு பெயிண்ட், குளியலறைக்கு ஹீட்டர், மச்சுக்குப் பாலிஷ். அந்தப் பாலிஷுக்காகத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். மச்சுக்கு என்ன கேடு என்று கேட்டு ஒருவரும் கூப்பிட்டதில்லை.

நான் இந்தத் தொழிலைக் கற்றது பாண்டிச்சேரியில். பழைய வீடுகளை ஓட்டல்களாக மாற்றிக்கொண்டிருந்த காலம். சித்தாளாகப் போய்ப் பலகை சுமந்தேன். பிறகு பலகை இழைத்தேன். கடைசியில் ஒரு முழுத் தளத்தைக் கழற்றித் திரும்ப மாட்டத் தெரிந்தவனாக அரியலூருக்குத் திரும்பினேன். பாண்டிச்சேரியில் என்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. வேலை தெரியுமா என்று மட்டும்தான் கேட்டார்கள். ஊர் திரும்பியதும் கேள்வியின் வரிசை மாறிவிட்டது.

நம் மண்ணில் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி சிமெண்ட் ஆக்குகிறார்கள். அந்தப் பழக்கமோ என்னவோ, வீட்டில் எந்த ஓட்டையைப் பார்த்தாலும் நம் ஆட்களுக்குச் சிமெண்டைத் தவிர வேறு மருந்து தோன்றுவதில்லை. பெரம்பலூரில் ஒரு டாக்டர் வீட்டில் பலகை கீச்சிடுகிறது என்று மச்சின் மேலேயே சிமெண்டைக் கொட்டி டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பாரத்தை உத்திரம் எப்படித் தாங்கும் என்று கேட்டால், உங்களுக்கு டைல்ஸ்மேல் பொறாமை என்றார் ஒட்டியவர்.

ஆனால் அதைவிடக் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. பழைய கொத்தனார்கள் உத்திரத்தின் தலை சுவருக்குள் போகும் இடத்தில் சுற்றிலும் கொஞ்சம் சந்து விட்டிருப்பார்கள். காற்றுப் போகத்தான். சுவரில் ஈரம் வந்தாலும் மரம் காய்ந்துகொள்ளும். அந்தச் சந்தில் அணில் நுழைகிறது, குளவி கூடு கட்டுகிறது என்று வீட்டுக்காரர்கள் புகார் சொல்வார்கள். உடனே ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுவார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழி கிடையாது. உத்திரத்தின் தலை சுவருக்குள் கிடந்து இற்றுப்போகும். அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் உத்திரம் பெயிண்ட் அடித்து ஜம்மென்று இருக்கும். மேலே ஏறிப் பார்த்தால் பலகை பளபளக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற சங்கதியைக் கையால் குத்திப் பார்த்தால்தான் தெரியும். இவ்வளவுதான் தொழில்நுட்பம். மிச்சத்தை வேலையில் கற்றுக்கொள்வீர்கள்.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

விக்கிரமங்கலம் பக்கத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். பெரம்பலூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் வீட்டைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்திருந்தார். மச்சு வேலைக்கு மட்டும் என்னையும் செல்வத்தையும் அனுப்பினார். செல்வம் செட்டிகுளத்துக்காரன், தேய்ப்பு மெஷின் அவனுடையது. வெகு காலம் என்னோடு சேர்ந்து வேலை செய்தவன். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த வீட்டில் தட்டு மாற்றுவது எப்போதும் மச்சில்தான். மாப்பிள்ளை வீட்டார் ஏறி வந்ததும் தளத்தில் அவர்கள் முகம் தெரிய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

வாசலில் டெம்போவை நிறுத்தியதும் வீட்டுக்காரர் வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"நம்ம களத்துல நெல்லு தூத்துனாரே, அவரு மவன்தானே நீ?"

"ஆமாங்க சார்" என்றேன்.

அவர் எதிர்பார்த்தது "ஆமாங்கய்யா". சார் என்ற சொல் அவருக்கு இறங்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. பிறகு செல்வத்தின் பக்கம் திரும்பி, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். செல்வம் கொஞ்சமும் யோசிக்காமல், "செட்டிகுளம்ங்க. மெஷின்காரன் வூட்டுப் புள்ள" என்றான். வீட்டுக்காரர் பின்னால் சுற்றிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பின்பக்கச் சுவரில் மச்சின் ஜன்னல்கதவு வரைக்கும் ஓர் இரும்பு ஏணி நிரந்தரமாகவே பதித்திருந்தது. வேலையாட்கள் ஏற என்றார்கள். ஆனால் பெயிண்டர்களும் எலக்ட்ரீஷியனும் வீட்டுக்குள் இருந்த மரப்படியில் ஏறி இறங்குவதை அன்று காலையிலேயே பார்த்தேன். அந்த ஏணி வேலையாட்களுக்காகப் போட்டது இல்லை. எங்கள் தெருவுக்காகப் போட்டது.

கோபத்தை விழுங்கிக்கொண்டு ஏறினேன். நம் தொழிலில் தூசியை விழுங்குவதைவிடக் கோபத்தை விழுங்குவது உடம்புக்குக் கெடுதல். தூசிக்காவது முகமூடி இருக்கிறது.

அருமையான தளம். அகலமான பலகைகள், பழைய தேக்கு, கால் வைத்தால் சில்லென்று இருந்தது. பழைய மெழுகையும் அழுக்கையும் எடுக்க மெஷினை ஓட்ட ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் செல்வம் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, மெஷின் தானா கெழக்கால ஓடுதுண்ணே. புடிச்சு நிறுத்த வேண்டியிருக்கு."

பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் தரையில் ஊற்றினேன். தண்ணீர் நிற்காமல் கிழக்குச் சுவரைப் பார்த்து ஓடியது. அங்கே குனிந்து பார்த்தேன். முன்பு பலகை சுவரைத் தொட்டிருந்த இடத்தில் பழைய மெழுகுக் கோடு இருந்தது. பலகை அந்தக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. அந்த வீட்டில் கல்யாணம் வரும்போதெல்லாம் யாரோ வந்து தேய்த்திருக்கிறார்கள், பலகையின் தேய்மானத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர்களில் ஒருவர் கண்ணிலுமா இது படவில்லை என்று ஆத்திரமாக வந்தது. பிறகுதான் உறைத்தது. வந்தவர்கள் எல்லாரும் இதே மாதிரி ஏணியில் ஏறி, மேலே தேய்த்து, அதே ஏணியில் இறங்கிப் போனவர்கள். தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களில் யாரையும் அந்த வீடு உள்ளே விட்டதில்லை.

இறங்கிப் போய்க் கிழக்குச் சுவரை வெளியிலிருந்து பார்த்தேன். மழைத் தண்ணீர்க் குழாய் உடைந்து சுவர் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. உத்திரத்தின் தலைகள் இருக்க வேண்டிய உயரத்தில் வரிசையாகச் சிமெண்ட் அப்பிய இடங்கள், மேலே புது பெயிண்ட். தலைகள் உள்ளே இற்றிருக்கும் என்று பட்டது. ஆனால் சந்தேகம் வேறு, தெரிவது வேறு. சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் நிச்சயத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் மச்சின் கிழக்குப் பாதிக்குக் கீழே எந்த அறை என்று கேட்டேன். சாமி ரூம் என்றார். ஒரு நிமிடம் உள்ளே போய் உத்திரத்தின் தலையைக் குத்திப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. வூட்டுப் பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க."

இந்த "எனக்கு ஒண்ணுமில்ல" என்பதை என் வாழ்நாளில் எத்தனை வாசலில் கேட்டிருப்பேன். சொல்கிற எவருக்கும் ஒன்றுமில்லை. எல்லாம் உள்ளே இருக்கிற, நம் கண்ணில் படாத வேறு யாருக்கோ. அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படம் பிடித்து வந்து காட்டினார். படத்தில் உத்திரங்கள் அழகாகத்தான் இருந்தன. படத்தைத் திருப்புளியால் குத்த முடியாதே. அதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, வேண்டுமானால் மெஷின்காரத் தம்பி போகட்டும், யார் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் ஒழுங்காகச் சொல்லச் சொல் என்றார்.

செல்வம் உடனே சொன்னான், "எனக்கு மெஷின் தள்ளத்தாங்க தெரியும். மரம் பாக்கறதெல்லாம் அண்ணன்தான்."

வடிகட்டின பொய். அவனுக்கு மரம் என்னளவுக்குத் தெரியும். அந்தப் பொய்க்காக இன்றைக்கும் அவனை எனக்குப் பிடிக்கும்.

கீழே பார்க்காமல் மேலே ஒரு கை கூட அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். ஒப்பந்தக்காரர் எனக்குப் போன் போட்டார். நாள் நெருங்கிவிட்டது அண்ணே, அடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதை நீங்கள் ஒவ்வொரு வேலையிலும் கேட்பீர்கள். அப்புறம் பார்க்க அவர் வரமாட்டார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் இருந்த வழிகளை யோசித்தேன். பாலிஷ் அடித்துக் கொடுக்கலாம். தளம் மின்னும். அந்த மின்னலைப் பார்த்து இன்னும் நாலு பேர் கூடுதலாக ஏறுவார்கள். கோபித்துக்கொண்டு கிளம்பலாம். மறுநாள் இன்னொருவன் ஏணியில் ஏறி அதே பாலிஷை அடிப்பான். எந்த வழியில் போனாலும் அந்தப் பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிழக்குச் சுவர் ஓரமாகத்தான் உட்காரப்போகிறாள். இரண்டு வீட்டு ஜனமும் அவளைச் சுற்றி உட்காரும். அதே நேரத்தில் நேர் கீழே சாமி ரூமில் பெண்கள் விளக்கேற்றிக்கொண்டு நிற்பார்கள்.

சாமி ரூமுக்கு வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் கம்பிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரரின் மனைவி விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. என்ன என்று கேட்டார். மச்சு இறங்கியிருப்பதையும், உத்திரத்தின் தலை இற்றிருக்கலாம் என்பதையும், பார்க்க விடவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "மேல எம்பொண்ணு உக்கார்ற எடமாங்க இது?"

"ஆமாங்கம்மா. அதுக்கு நேர் கீழதான் நீங்க நிக்கிறீங்க."

அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினார். என் திருப்புளியைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே ஏறினார். நான் வெளியே நின்று எங்கே குத்த வேண்டும் என்று சொன்னேன். முதலில் சுவரைவிட்டுத் தள்ளிக் குத்தினார். மரம் கெட்டியாக இருந்தது. அவர் முகத்தில் நிம்மதி வந்தது. இன்னும் சுவரை ஒட்டிக் குத்துங்கம்மா என்றேன். அங்கே குத்தியதும் பெயிண்ட் விரிந்து, திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஈரமாக, கறுப்பாக, வடிகட்டிய காபிப் பொடி மாதிரி மரம் கொட்டியது. அடுத்த உத்திரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததை அவர் குத்தவில்லை. இறங்கி, திருப்புளியை முந்தானையால் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அம்மாவை நான் பெரிதாகத்தான் நினைக்கிறேன். அந்த வீட்டில் மரத்தைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் பட்டதைச் சொல்கிறேன், ஸ்டூலில் ஏறும் அளவுக்குத் துணிந்தவர் உள்ளே வாங்க என்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றியும் கோபமும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் போய்க் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே பேசியது எனக்குக் கேட்டது. நிச்சயம் முடியட்டும், பிறகு முட்டுக் கொடுத்துக்கொள்ளலாம், இப்போது சாமி ரூமின் நடுவில் இரும்புத் தூணை நிறுத்தினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவர் சொன்னார். வெளியே வந்து என்னிடம், "மேல பெரியவங்க கொஞ்ச பேர மட்டும் உக்கார வெச்சுக்கறேன். நீ பாலிஷ முடிச்சுக் குடு" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி வாக்குறுதியை நம்புகிறவர்கள் நல்லவர்கள், ஆனால் நம் தொழிலுக்கு உதவாதவர்கள். நிச்சயதார்த்த வீட்டில் கூட்டத்தை எண்ணி மேலே விடுவது யார்? மாப்பிள்ளையின் சித்தப்பனைப் படியில் மறித்து, மேலே பாரம் தாங்காது, நீங்கள் கீழேயே இருங்கள் என்று எந்தப் பெண்வீட்டுக்காரன் சொல்வான்? சொன்னால் அந்தச் சம்பந்தம் நிற்குமா? இற்ற மரம் மரியாதை பார்க்காது. அதனால் வாயால் எச்சரித்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று கிளம்பாதீர்கள். யாரும் ஏற முடியாதபடி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். கீழே சாமி ரூமுக்கும் அதற்கு மேற்கே இருக்கிற அறைக்கும் நடுவில் ஒரு சுவர் ஓடுகிறது. அந்தச் சுவருக்கு நேர் மேலே காலை ஊன்றிக்கொண்டு, உள்படி வந்து சேரும் இடத்திலிருந்து கிழக்குப் பக்கம் வரைக்கும் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தோம். ஆணியை மெதுவாகக் கிளப்பி, பலகையின் விளிம்பு சிதையாமல் எடுத்தோம். திரும்பப் போட வேண்டிய பலகை அல்லவா. ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டிக் கொல்லைப்பக்கம் இறக்கினோம். மேல் படியிலிருந்து பார்த்தால் தளம் இருந்த இடத்தில் வெறும் உத்திரங்களும், அவற்றுக்குக் கீழே சாமி ரூமின் சிவப்புத் தரையும் தெரிந்தன. என்னை உள்ளே விடாத அறையை அப்படித்தான் நான் முழுசாகப் பார்த்தேன், மேலிருந்து.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் உள்படியில் ஏறி வந்தார்.

"எவன கேட்டுடா எம்பலகைய கழட்டுன?"

"கேட்டா வேணாம்னுவீங்க சார். அதான் கேக்கல."

போலீசுக்குப் போவேன் என்றார். இந்தத் தாலுகாவில் உனக்கு ஒரு ஆணி அடிக்கிற வேலை கூடக் கிடைக்காமல் செய்வேன் என்றார். களத்து வேலைக்கு வந்தவன் பிள்ளைக்குப் பெரிய இன்ஜினியர் என்று நினைப்போ என்றார். அதுவரை விழுங்கியதெல்லாம் அப்போது மேலே வந்துவிட்டது. நான் கத்தியதாகச் செல்வம் சொல்வான். என் நினைவில் நான் மெதுவாகத்தான் பேசினேன்.

"எங்கப்பன் தூத்துன நெல்லுதானே சார் அந்த ரூமுல பொங்கலாச்சு. அதுக்கு இல்லாத தீட்டு எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவருக்குப் பின்னால் அந்த அம்மா வந்து நின்றிருந்தார். தளம் இல்லாத இடத்தைப் பார்த்தார். மகள் உட்கார இருந்த இடத்தில் தெரிந்த உத்திரத்தைப் பார்த்தார். கணவரிடம் சாதாரணமாகச் சொன்னார், "வாசல்ல பந்தல் போடச் சொல்லுங்க. கீழயே தட்டு மாத்திக்கலாம்."

அத்தோடு முடிந்தது. மெஷினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நிச்சயம் வாசல் பந்தலில் நன்றாக நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மேலே வேலை நடக்கிறது என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாதபோது நம் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது, அதையும் பழகிக்கொள்ள வேண்டும். ஆனால் நடந்த கதை ஊருக்குள் வேறு மாதிரி போனது. கல்யாண வீட்டில் பலகையைப் பிடுங்கியவன் என்று எனக்குப் பெயர் வந்தது. ஒப்பந்தக்காரர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். உடையார்பாளையம் பக்கம் வரவேண்டிய இரண்டொரு வேலைகள் வரவில்லை. செல்வம் திருச்சிப் பக்கம் கல்யாண மண்டப மேடைகளைத் தேய்க்கப் போனான். நான் வருத்தப்பட்டேனா என்று கேட்டால், வருத்தம் இல்லை, வயிற்றெரிச்சல்தான். செய்தது சரியா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சில வாரம் கழித்து ஒரு மதியம் எனக்கு வீடியோ கால் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தால், தலையில் துண்டு கட்டிய ஓர் இளைஞர். பீகார் பக்கத்து ஆள், மர வேலை மேஸ்திரி. திருப்பூரில் வேலை பார்த்தபோது தமிழ் கற்றவர். அதே ஒப்பந்தக்காரர் அவருடைய ஆட்களை அந்த வீட்டு உத்திரத்தை மாற்ற இறக்கியிருக்கிறார். வீட்டு அம்மா உங்கள் நம்பரைக் கொடுத்தார், எதுவரைக்கும் இற்றிருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியுமாம் என்றார்.

அவர் போனைச் சுற்றிக் காட்டினார். சாமி ரூம். படங்களின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். நடுவில் சாரம். ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து பீடிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். மூலையில் சாப்பாட்டுத் தூக்குகள், வாசற்படிக்கு உள்ளே செருப்புகள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மேஸ்திரி மேல் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிழைக்க வந்தவர், நல்ல வேலைக்காரர், கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் சரியான கேள்வி.

போனை வைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த உத்திரத்துக்குக் கீழே இப்போது அவருடைய ஆட்கள் நிற்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் முட்டுக் கொடுங்கள், பிறகு தொடுங்கள். தலையை நல்ல மரம் வருகிற வரைக்கும் அறுங்கள். புதுத் தலை செருகும்போது சுற்றிலும் சந்து விடுங்கள், கொத்தனார் சிமெண்ட் சட்டியோடு வந்தால் விரட்டுங்கள். வெளியே உடைந்த குழாயை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வீண். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எந்த வழியா உள்ள போனீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"முன்னாடி கதவு அண்ணா. வேற கதவு இருக்கா?"

"யாரும் ஒண்ணும் கேக்கலயா?"

"கேட்டாங்க. ஆதார் காப்பி கேட்டாங்க. குடுத்தோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அது சிரிப்பு இல்லை. அவர் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

"அண்ணா, இந்த வீடு உங்களுக்கு இவ்ளோ தெரியுது. நீங்களே ஏன் இந்த வேலை பண்ணலே?"

"நான் உள்ளூர்க்காரன் தம்பி."

அவருக்குப் புரியவில்லை.

"உள்ளூர்னா இன்னும் நல்லதுதானே அண்ணா?"

அடுத்த உத்திரத்தைக் காட்டுங்கள் என்றேன்.